மாலம் கிராமத்து நடைப்பாதைகள்: அம்மாவோடு இரண்டு, தனியே இரண்டு

கைபேசிச் செயலியில் அந்தப் பாதைக்கு 'எளிது' என்று பச்சை நிறத்தில் குறித்திருந்தார்கள். அதை நம்பித்தான் அறுபத்தேழு வயது அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். வாய்க்கால் ஓரமாக, வயல் நடுவாக, மரநிழலில் என்று ஒன்றரை மணி நேரம் சுகமாகப் போன பாதை, இரண்டு சுண்ணாம்புப் பாறைச் சுவர்களுக்கு இடையில் நுழைந்தது. இருபுறமும் நூறு மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. எதிரே ஓர் அருவி. பாதை அங்கே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். செயலியின் கோடோ அருவியின் மேலேயே ஏறிப் போயிற்று. தண்ணீர் வழியும் பாறையைக் கையால் பற்றி, காலுக்கு இடுக்குத் தேடி ஏறவேண்டும்.

"கண்ணு, இதில் ஏறித்தான் போகவேண்டுமா?" என்று அம்மா கேட்டார். குரலில் பயமில்லை. ஏறச் சொன்னால் ஏறியிருப்பார் என்றுதான் தோன்றியது. எனக்குத்தான் வயிறு கலங்கியது.

அந்த இடத்தின் பெயர் கோர்டேல் ஸ்கார். வடக்கு யார்க்‌ஷயரில் மாலம் என்ற சிறு கிராமத்தின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. எழுத்தைப் பார்த்தால் மால்ஹாம் என்று படிக்கத் தோன்றும். உள்ளூரில் மாலம் என்றே சொல்கிறார்கள். நான் லீட்ஸில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்கிறேன். அம்மா காங்கேயத்துப் பக்கத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார். ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை நான் ஐந்து முறை மாலம் போய்விட்டேன். அம்மாவோடு மூன்று முறை, தனியாக இரண்டு முறை. போகலாமா, வயதானவர்களால் நடக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் போய்ச் சேரும் வழி. லீட்ஸிலிருந்து ஸ்கிப்டனுக்கு ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அங்கிருந்து மாலத்துக்குப் பஸ் உண்டு, ஆனால் ஒரு நாளில் ஓடுபவை மிகக் குறைவு. போகும் பஸ்ஸை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலில் பாருங்கள். அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு தூரம் நடப்பது என்று முடிவு செய்யமுடியும். காரில் வந்தால் ஊரின் தெற்கு முனையில் தேசியப் பூங்கா மையத்துக் கார் நிறுத்துமிடத்தில் காசு கட்டி நிறுத்திவிடுங்கள். கழிப்பறையும் அங்கேதான். விடுமுறை நாட்களில் இடம் நிறைந்துவிடும். அப்போது சாலையோரப் புல்லில் வண்டியை ஏற்றி நிறுத்துகிறவர்களைப் பார்த்தேன். அது ஒற்றை வண்டிக்கே போதாத சாலை. பின்னால் டிராக்டரில் வந்த ஒருவர் கால் மணி நேரம் அப்படியே நின்றார்.

ஊரிலிருந்து கிளம்பும் பாதைகளில் நான் முதல் மதிப்பெண் கொடுப்பது கிழக்கே ஜேனட்ஸ் ஃபாஸ் அருவிக்குப் போகும் பாதைக்கு. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்தான். சரளை போட்ட, ஏறக்குறைய சமதளமான வழி. ஓடையைச் சிறு பாலத்தில் கடந்து வலப்பக்கம் திரும்பினால் மேய்ச்சல் நிலங்கள் தொடங்குகின்றன.

அம்மா பத்தடி நடந்ததும் நின்றுவிட்டார். "யார் காட்டிலோ நடக்கிறோமே, சத்தம் போடமாட்டார்களா?" என்றார். கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் செம்மறியுமாக வாழ்ந்தவருக்கு அந்தக் கேள்விதானே முதலில் வரும்? போடமாட்டார்கள் என்றேன். நிலம் விவசாயியுடையது. ஆனால் அதன் குறுக்கே போகும் இந்த ஒற்றையடித் தடம் பொதுவழி என்று அரசு வரைபடத்தில் பதிவாகியிருக்கிறது. அவர் அதை அடைக்கக்கூடாது, நாம் அதைவிட்டு விலகக்கூடாது. மரக்கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கான வழி. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம். ஓக் மரத்துக் காயின் படம் இருந்தால் அது தேசிய நெடும்பாதை. இது சும்மா கிடைத்த உரிமை இல்லை என்பதையும் சொன்னேன். 1932 ஏப்ரல் 24 அன்று, இங்கிருந்து தெற்கே உள்ள கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டில், வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த நிலத்துக்குள் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேண்டுமென்றே நுழைந்து நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அதன்பின் 1949இல்தான் தேசியப் பூங்காக்களுக்கும் நடைவழிகளுக்கும் சட்டம் வந்தது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் படலைச் சரியாகச் சாத்திவிட்டு வா" என்று மட்டும் சொன்னார். அன்று நாங்கள் கடந்த ஒவ்வொரு கதவையும் தானே ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அவரை அன்று அதிகம் நிறுத்திவைத்தவை கல்சுவர்கள்தாம். சுண்ணாம்போ சிமென்டோ ஒரு துளி கிடையாது. கல்மேல் கல் அடுக்கியதுதான். ஓரிடத்தில் சுவர் சரிந்து உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. இரண்டு பக்கமும் இரண்டு முகமாக அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். மேலே போகப் போகச் சுவர் ஒடுங்குகிறது. நடுவில் உள்ள இடைவெளியில் கைப்பிடி அளவுச் சில்லுக்கற்களை இட்டு நிரப்பியிருக்கிறார்கள். இரண்டு முகமும் பிரிந்து போகாமல் இருக்க, குறிப்பிட்ட உயரத்தில் நீளமான கற்களை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை குறுக்கே வைத்திருக்கிறார்கள். உச்சியில் கற்களைப் படுக்க வைக்காமல் வரிசையாக நிற்க வைத்திருக்கிறார்கள். அம்மா குனிந்து ஒரு சில்லுக்கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தார். "கிளுவை வேலி என்றால் வெட்டிவிட்டால் தழைத்துக்கொள்ளும். இது விழுந்தால் விழுந்ததுதான், ஆள்தான் வந்து தூக்க வேண்டும்" என்றார்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் சுவரின் அடியில் சதுரமாக ஓர் ஓட்டை இருந்தது. ஆடு நுழையும், மாடு நுழையாது. தேவையில்லாதபோது ஒரு பலகைக்கல்லை வைத்து அடைத்துவிடுகிறார்கள். இதை நான் முன்பு கவனித்ததே இல்லை. அம்மா தூரத்திலிருந்தே கண்டுபிடித்து, "ஒரு மேய்ச்சல் தீர்ந்ததும் அடுத்ததற்கு மாற்றிவிட" என்று காரணத்தையும் சொல்லிவிட்டார். மனிதர்கள் சுவரைக் கடக்க வேறு ஏற்பாடு. இரண்டு நெட்டுக்கற்களை நட்டு, இடையில் ஒரு சந்து. மேலே இடுப்பு நுழையும் அகலம், கீழே வரவர ஒற்றைக்கால் நுழையும் அளவுக்குக் குறுகுகிறது. காலை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து மனிதன் தாண்டிவிடலாம், ஆட்டின் உடம்பு சிக்கிக்கொள்ளும். எத்தனையோ தலைமுறை கைவைத்துத் தாண்டியதில் அந்தக் கற்களின் தோள்பட்டை அம்மிக்கல் போல வழவழத்துக் கிடந்தது. அம்மா சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கல்லில் ஒரு கையை ஊன்றித் தாண்டினார். எனக்கு உதவ வாய்ப்பே கிடைக்கவில்லை.

இரண்டு சுவர்களுக்கு நடுவே புல் முளைத்த ஒரு வண்டித்தடம் பிரிந்து மேலே போனது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது நம் இட்டேரி அல்லவா!" என்றார். ஊரில் இருபுறமும் கிளுவை, நடுவே வண்டித்தடம். இங்கே இருபுறமும் கல். அவ்வளவுதான் வித்தியாசம்.

வயல்கள் முடிந்து மரங்களுக்குள் நுழையும்போது மூக்கில் முதலில் பட்டது பூண்டு வாசம். தாளிக்கும்போது வருவதைப் போலக் கூராக இல்லை, பச்சையாக, ஈரமாக இருந்தது. ஓடையின் இரு கரையிலும் காட்டுப்பூண்டு. அகன்ற பச்சை இலையும் நட்சத்திரம் போன்ற வெள்ளைப் பூவுமாகத் தரை தெரியாமல் விரித்துக் கிடந்தது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே மாதம் வரைதான் இந்தக் காட்சி. இதற்காகவே நான் மே மாதத்தைப் பரிந்துரைக்கிறேன். கோடை விடுமுறையில் போனால் இலைகள் வாடி மறைந்திருக்கும்.

ஜேனட்ஸ் ஃபாஸ் பெரிய அருவி இல்லை. குற்றாலம் பார்த்த கண்ணுக்கு இது ஒரு மதகில் விழும் தண்ணீர் அளவுதான். ஃபாஸ் என்பது ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங் கடலோடிகள் கொண்டுவந்து விட்டுப்போன சொல், அருவி என்று பொருள். ஜேனட் இங்கே குடியிருந்த தேவதைகளின் அரசி என்பது ஊர்க்கதை. அளவை மறந்துவிட்டு அருவி விழும் பாறையை உற்றுப் பாருங்கள். அது முழுக்கப் பாறை இல்லை. தண்ணீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு, பாசிமேல் படிந்து படிந்து கல்லாகி, ஒரு திரைச்சீலை போலத் தொங்குகிறது. மேல்புறம் இன்னும் உயிருள்ள பாசி, அடியில் கல். கீழே உள்ள தெளிந்த குட்டையில் முற்காலத்தில் ரோமம் கத்தரிக்கும் முன் ஆடுகளைக் குளிப்பாட்டினார்களாம்.

அருவிக்குப் போகும் வழியில் விழுந்து கிடக்கும் மரங்களில் ஆயிரக்கணக்கான நாணயங்களை அடித்து இறக்கியிருக்கிறார்கள். வேண்டுதலாம். கையில் காசோடு கல்லைத் தேடும் குழந்தைகளைப் பார்த்தேன். தயவுசெய்து நம் பிள்ளைகளுக்கு அதைப் பழக்காதீர்கள். மட்கி மண்ணாகி, பாசிக்கும் வண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டிய மரம் அது. உலோகத்தை அடித்து என்ன சாதிக்கப் போகிறோம்?

அங்கிருந்து சற்று மேலேறிச் சாலையைத் தொட்டு, கோர்டேல் பாலத்தைக் கடந்து, புல்வெளி வழியே போனால் நான் முதலில் சொன்ன கோர்டேல் ஸ்கார். அருவியின் அடிவரை பாதை நன்றாகவே இருக்கிறது. போகப் போகப் பாறைகள் இருபுறமும் நெருங்கி வந்து, ஒரு வளைவு திரும்பியதும் சட்டென்று தலைக்குமேல் கவிந்துவிடுகின்றன. ஜேம்ஸ் வார்ட் என்ற ஓவியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை நான்கு மீட்டருக்கும் அதிக அகலமான துணியில் தீட்டினார். அந்த ஓவியம் லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் உடைமை. அங்கே நின்று பார்த்தால் அத்தனை பெரிய துணி ஏன் தேவைப்பட்டது என்று விளங்கும்.

அருவியின் மேல் ஏறும் வழியும் பொதுவழிதான், வரைபடத்தில் இருப்பதும் உண்மைதான். தண்ணீர் குறைந்த நாளில், கைகால் பழக்கம் உள்ளவர்கள் ஏறுகிறார்கள். மழைக்குப் பிறகு யாருமே ஏறக்கூடாது. அதை 'எளிது' என்று எழுதியவர் அந்த இடத்தில் நின்று பார்த்திருக்க வாய்ப்பில்லை. தூரத்தையும் மொத்த ஏற்றத்தையும் கணக்குப் போட்டு ஒரு சொல்லை ஒட்டிவிடுகிறார்கள் போலிருக்கிறது. எட்டுக் கிலோமீட்டரில் ஆபத்தானது பத்தே மீட்டர்தான் என்றாலும், அந்தப் பத்து மீட்டரைப் பற்றி அல்லவா முதலில் எச்சரிக்க வேண்டும்? அன்று முதல் நான் அரசு நில அளவைத் துறையின் தாள் வரைபடத்தையே நம்புகிறேன். எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல் 2 என்ற எண், 1:25,000 அளவு. ஒவ்வொரு கல்சுவரும் அதில் மெல்லிய கறுப்புக் கோடாக இருக்கிறது. பாதை சுவருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது வரை தெரியும். அந்தப் பள்ளத்தாக்கில் பல இடங்களில் என் கைபேசிக்கு சிக்னலும் கிடைக்கவில்லை.

நாங்கள் வந்த வழியே திரும்பினோம். அதில் எந்தக் குறையும் இல்லை. ஃபாஸ், ஸ்கார் இரண்டையும் பார்த்துவிட்டு ஊர் திரும்ப ஐந்து, ஆறு கிலோமீட்டர் ஆகும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நான் சொல்லும் பாதை இதுதான். நடக்க முடிகிறவர்கள் கோர்டேல் பாலத்திலிருந்து சுவரோரமாக வடமேற்கே ஏறி, மாலம் ரேக்ஸ் சாலையைத் தாண்டி, கோவ் என்ற பெரும்பாறையின் உச்சிக்குப் போய்விடலாம். அருவியில் ஏறாமலேயே எட்டுக் கிலோமீட்டர் சுற்று முழுமையடையும்.

கோவ் பாறைதான் மாலத்தின் புகழுக்குக் காரணம். அதை அடுத்த சனிக்கிழமைக்கு ஒதுக்கினோம். ஊரிலிருந்து அடிவாரம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம், நல்ல பாதை. சுமார் 80 மீட்டர் உயரமும் 300 மீட்டர் அகலமும் கொண்ட வெள்ளைப் பாறை, அரைவட்டமாக வளைந்து பள்ளத்தாக்கையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது உருகிய தண்ணீர் இதன் விளிம்பிலிருந்து கொட்டியது. அதன்பின் தண்ணீர் நிலத்தடிக்கு இறங்கிவிட, பாறை வறண்டது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் மழையைக் கொட்டியபோது, உயிரோடிருப்பவர்கள் யாரும் அதுவரை பார்த்திராத வகையில், ஒரு நாள் மறுபடியும் இங்கே அருவி விழுந்தது.

வசந்த காலத்தில் இந்தப் பாறையில் பொரி வல்லூறு கூடு வைக்கிறது. பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் தொண்டர்கள் சில நாட்களில் அடிவாரத்தில் தொலைநோக்கியோடு நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள். நாங்கள் போன அன்று இருந்தார்கள். ஒரு பெரியவர் அம்மாவின் உயரத்துக்குத் தொலைநோக்கியைத் தாழ்த்திக் கொடுத்தார். அம்மா ஒற்றைக் கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தார். "கோழிக்குஞ்சு தூக்குகிற வல்லூறுதான், இங்கே அதற்குக் காவல் போட்டிருக்கிறார்கள்" என்று என்னிடம் சொன்னார். பெரியவர் அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தன் கையிலிருந்த படங்களை எடுத்து, இந்த ஆண்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக அம்மாவுக்குக் காட்டினார். காசு வாங்காமல் செய்யும் வேலை அது. மாலத்தில் எனக்குக் கிடைத்த எல்லாச் சேவைகளிலும் உயர்ந்தது அதுவே.

பாறையின் இடப்பக்கம் நானூறு படிக்கட்டுகள். அம்மா ஏறியே தீருவேன் என்றார். "பழனியில் ஏறவில்லையா?" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று, ஒதுங்கி, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு, முக்கால் மணி நேரத்தில் ஏறிவிட்டோம். ஏறுவது பிரச்சினையில்லை, இறங்குவதுதான். கற்கள் உயரம் ஒத்துவராமல், தேய்ந்து வழுக்குகின்றன. பெரும்பாலான வழிகாட்டிகள் கிழக்கில் தொடங்கி, கடைசியில் இந்தப் படிகளில் இறங்கச் சொல்கின்றன. களைத்த கால்களோடு நானூறு படி இறங்குவதை முழங்கால் மன்னிக்காது. படியில் ஏறுங்கள், இறங்கும்போது பாறையின் உச்சியைக் கடந்து கிழக்கே வந்து மாலம் ரேக்ஸ் சாலையைப் பிடித்து ஊருக்கு வாருங்கள். சரிவான தார்ச்சாலை, கார்கள் வரும், ஓரமாகத்தான் நடக்கவேண்டும். ஆனால் கால் வைக்கும் இடம் உறுதியானது. நாங்கள் அப்படித்தான் இறங்கினோம்.

உச்சியில் இருப்பது புல் இல்லை, கல்தளம். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய வெப்பக்கடலின் அடியில் உருவான சுண்ணாம்புப் பாறை இது. பனிப்பாறை மேல்மண்ணை வழித்துக்கொண்டு போனபின், மழைநீர் அதன் விரிசல்களைக் கரைத்துக் கரைத்துப் பிளவுகளாக்கியிருக்கிறது. தட்டையான கல்லுக்குக் கிளின்ட் என்றும் பிளவுக்குக் கிரைக் என்றும் பெயர். நான் முழங்காலிட்டு ஒரு பிளவுக்குள் பார்த்தேன். மேலே காற்று அறைகிறது. முழங்கை ஆழத்தில் காற்றே இல்லை, ஈரம் கமழ்கிறது. நாக்கு வடிவத்தில் நீண்ட பளபளப்பான இலைகளோடு ஒரு பெரணி. அதன் ஓர் இலை நுனிகூட விளிம்புக்குமேல் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஆடு மேய்ந்துவிடும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் பழுப்பு நிறத்தில் சாய்ந்த கோடுகள், சீப்பால் வாரியதுபோல. பக்கத்துப் பிளவில் அதே பெரணி இன்னும் சுருள் விரிக்காமல் இருந்தது.

இங்கே நடக்கும்போது பேசாதீர்கள், கைபேசியை எடுக்காதீர்கள், கால் வைக்கும் கல்லை மட்டும் பாருங்கள். ஆயிரமாயிரம் காலணிகள் மெருகேற்றிய கல் அது. லேசாக நனைந்தால் சோப்புப் போட்டதுபோல ஆகிவிடும். பிளவில் கால் சிக்கித் திரும்பினால் எலும்பு முறியும். விளிம்புக்கு வேலி கிடையாது. கணுக்காலை மூடும், அடியில் பற்றுள்ள காலணி இல்லாமல் வயதானவர்களை இதன்மேல் அழைத்துவராதீர்கள். அம்மாவுக்கு நான் வாங்கிய காலணியின் விலை அவருக்கு இன்றுவரை தெரியாது. தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். கறுப்பு முகமும் வெள்ளை மூக்கும் சுருண்ட கொம்புமாக ஒரு ஸ்வேல்டேல் ஆடு பத்தடியில் வந்து நின்று பார்த்தது. முதுகில் நீலச் சாயக் கோடு, இன்னார் ஆடு என்று தெரிவதற்காக. அம்மா அதன் குட்டியைப் பார்த்து, "ஆறு வாரம் இருக்கும்" என்றார். ஊரில் சாப்பிடவும் தேநீர் குடிக்கவும் இடங்கள் இருக்கின்றன. ஆனாலும் கட்டுச்சோறு கொண்டுபோவதையே சொல்வேன்.

மூன்றாவது பாதை செப்டம்பரில், தனியாக. கோவ் உச்சியிலிருந்து வடக்கே வாட்லோஸ் என்ற வறண்ட பள்ளத்தாக்கு வழியாக மாலம் டார்ன் ஏரி வரை போய்த் திரும்புவது. ஊரிலிருந்து கணக்கிட்டால் பன்னிரண்டு கிலோமீட்டர் போல வரும். இதன் பெரும்பகுதி பென்னைன் வே. ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை தாண்டி கர்க் யெட்டம் வரை 268 மைல் போகும் இந்நாட்டின் முதல் தேசிய நெடும்பாதை. 1965 ஏப்ரல் 24 அன்று, கிண்டர் ஸ்கவுட் நுழைவு நடந்த அதே தேதியில், இந்த மாலம் மேட்டில்தான் அதைத் திறந்துவைத்தார்கள்.

வாட்லோஸ் எனக்குப் பிடித்தது. ஆறு ஓடி அறுத்த பள்ளத்தாக்கு, ஆனால் ஆறு இல்லை. நடக்கும் சத்தம் இருபுறப் பாறையில் பட்டுத் திரும்பி வருகிறது. ஏரியைப் பற்றி அவ்வளவு சொல்வதற்கில்லை. கடல்மட்டத்துக்கு மேல் 377 மீட்டரில் இருக்கிறது, காற்று பலமாக அடிக்கிறது, மறைவிடம் இல்லை. மழைச்சட்டை இல்லாமல் போனால் வருந்துவீர்கள். ஆனால் ஏரிக்குச் சற்றுத் தெற்கே ஓரிடத்துக்காக இந்த நடையை மறுபடியும் நடப்பேன். ஏரியிலிருந்து புறப்பட்ட ஓடை, புல்வெளியில் நல்ல ஓட்டத்தோடு வந்து, கூழாங்கற்களுக்கு நடுவே போய் மெலிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போகிறது. பள்ளமோ குகையோ ஒன்றும் இல்லை. கடைசி ஈரத்தில் காலை வைத்தேன். அடுத்த எட்டு காய்ந்த கல்.

அந்தத் தண்ணீர் கோவ் பாறையின் அடியில் வெளிவருகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கேயும் ஒரு ஓடை ஊற்றெடுக்கிறதே. ஆனால் சோதித்துப் பார்த்தபோது அது வேறு தண்ணீர் என்று தெரிந்தது. மேட்டில் பழைய ஈய உலை இருந்த பக்கம் மண்ணுக்குள் போகும் இன்னொரு ஓடைதான் கோவ் அடியில் வருகிறது. ஏரித்தண்ணீரோ கோவ் பாறையையும் ஊரையும் நிலத்தடியிலேயே கடந்து, ஊருக்குத் தெற்கே ஏர் ஹெட் என்ற ஊற்றில் வெளியே வருகிறது. இரண்டும் பாறைக்குள் ஒன்றையொன்று கடந்து போகின்றன.

நான்காவது பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாலத்துக்குப் பஸ் கிடைக்காத ஆகஸ்ட் ஞாயிறு ஒன்றில், ரயிலில் கார்கிரேவ் போய் இறங்கி, பென்னைன் வே வழியே ஏர்ட்டன், ஹான்லித் ஊர்களைத் தாண்டி ஆற்றோரமாக நடந்தேன். பத்து, பதினோரு கிலோமீட்டர். ஏற்றம் அதிகமில்லை, கூட்டம் இல்லவே இல்லை. மழைக்காலத்தில் ஆற்றோர வயல்கள் சேறாகிவிடும். கடைசி மூன்று கிலோமீட்டரில் கோவ் பாறை எதிரே எழுந்து நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே நடப்பது காரில் வருகிறவர்களுக்குக் கிடைக்காத பாக்கியம். கார்கிரேவில் நிற்கும் ரயில்கள் குறைவு, நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம், அக்டோபரில், மறுபடியும் மாலம் போனோம். நீண்ட நடைக்கு நேரமில்லை. ஊரிலிருந்து தெற்கே, வயலோரமாக ஏர் ஹெட் பக்கம் மட்டும் அழைத்துப்போனேன். பெரிய பெயர்ப்பலகை கிடையாது. படமெடுக்க எதுவும் இல்லாததால் யாரும் நிற்பதும் இல்லை. புல்லுக்கு நடுவே தரையிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் கிளம்பி வந்து ஓடையில் சேர்கிறது. மேலே ஏரியில் புறப்பட்டு, மண்ணுக்குள் காணாமல் போய், இங்கே வருகிறது என்று அம்மாவுக்குச் சொன்னேன். இதுதான் நம் வீட்டுக்குப் பக்கத்தில் பாலத்தடியில் ஓடும் ஆறு என்றும் சொன்னேன். தினமும் காலையில் நான் வேலைக்குப் போகும்போது லீட்ஸ் நகரத்தில் கடக்கிற அதே ஆறு.

"பெயர் என்ன சொன்னாய்?"

"ஏர்."

"ஏரா? நம் ஏர்தானே?" என்றார். சொல் அப்படித்தான் ஒலிக்கிறது அம்மா, பொருள் வேறு என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு ஓடைக்கரையில் குந்தி, வலக்கையால் தண்ணீரை அள்ளித் தன் தலையில் தெளித்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு என் தலையிலும் தெளித்தார். குளிர்ந்த தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது. பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. வரும் வழியில் வயல் கதவைச் சாத்திவிட்டு, அம்மா ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.